மலையேறும் முன் காற்றை இறக்காதீர்கள்

ஏற்காடு போகிறவர்களுக்குக் கேட்காமலே கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று, “டயர்ல நாலஞ்சு பவுண்டு காத்தை இறக்கிட்டு ஏறுங்க” என்பது. மலை மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் டயருக்குள் இருக்கும் காற்று விரியும். விறைத்துப்போன டயர் வளைவில் பிடிக்காது, வெடித்தாலும் வெடிக்கும் என்று காரணமும் சொல்வார்கள். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன்போல உப்பிக்கொள்வதைப் பின் சீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பதால், அப்பாவுக்கு மறுத்துப் பேச வழியில்லை.

பாதி உண்மைதான் இது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிச் சமவெளி அதற்கும் மேலே, 1,620 மீட்டரை ஒட்டி. இந்த உயர வேறுபாட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 பவுண்டு குறைகிறது. டயருக்குள் இருக்கும் காற்று அதேதான். வெளியே இருந்து அழுத்துவது குறைந்ததால், சேலத்தில் 33 காட்டிய மானி கோயில் வாசலில் 35 காட்ட வேண்டும். சிப்ஸ் பாக்கெட் சொல்லும் பாடம் இதுவரை சரி.

ஆனால் மலைமேல் அழுத்தம் மட்டும் குறைவதில்லை, வெப்பமும் குறைகிறது. குளுமைக்காகத்தானே ஏறுகிறோம். மே மாதப் பகலில் சேலத்தில் 39 டிகிரி கொளுத்தும்போது கோயில் பக்கம் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டயர்க் காற்று 12 டிகிரி குளிர்ந்தால் அதன் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பவுண்டு இறங்கிவிடும். உயரம் கூட்டிக் கொடுத்ததைக் குளிர் எடுத்துக்கொள்கிறது. மேலே போய், வண்டியை ஆறவிட்டு அளந்து பார்த்தால் மானியின் முள் கீழே நின்ற இடத்திலேயே, மிஞ்சினால் ஒரு பவுண்டு தள்ளி நிற்கும். இதற்காகக் கீழேயே ஐந்து பவுண்டு இறக்கிவிட்டவரின் டயர், ஏறும்போதும் குறைவு, லேக் சுற்றும்போதும் குறைவு, இறங்கும்போதும் குறைவு, மறுநாள் நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஊர் திரும்பும்போதும் குறைவு. திரும்ப நிரப்ப வேண்டும் என்ற நினைப்பு பெரும்பாலும் யாருக்கும் வருவதில்லை.

காற்று கூடினால் ஆபத்து என்ற பயம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. குறைந்தால் வரும் ஆபத்துதான் யாருக்கும் உறைப்பதில்லை. டயர் வெடித்தது என்று கேட்டதும் ‘காத்து ஜாஸ்தியா இருந்திருக்கும்’ என்கிறோம். பல நேரங்களில் நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி விரிகிறது. அப்படி மடங்குவதில் வெப்பம் பிறக்கிறது. வேகம், பாரம், வெயில் மூன்றும் சேர்ந்தால் அந்த வெப்பம் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இழைகளுக்கும் உள்ள ஒட்டுதலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் மேல்பட்டை உரிந்துகொண்டு பறக்கும். நெடுஞ்சாலை ஓரங்களில் பாம்புச் சட்டைபோலக் கிடக்கும் டயர்ப் பட்டைகளில் பலவற்றின் கதை இதுதான்.

உலகம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. பட்டை உரிந்து வண்டி உருண்ட விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. டயர் தயாரிப்பில்தான் கோளாறு என்றது ஃபோர்டு. வண்டியின் வடிவமைப்பையும், ஃபோர்டு பரிந்துரைத்த 26 பவுண்டு என்ற குறைந்த காற்றளவையும் ஃபயர்ஸ்டோன் சுட்டியது. 26-ல் தொடங்கினால், இயல்பாகக் கசிந்து 20-க்கு வர அதிக நாள் ஆகாது. பிழைக்கு இடம் விடாத அளவு அது என்பதே வாதம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறவு அடுத்த ஆண்டே முறிந்தது. அந்த விபத்துகளின் விளைவாக வந்த சட்டம்தான், 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் ஒவ்வொரு புதுக் காரிலும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவிலும் 2014 நவம்பருக்குப் பிறகு எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம்.

இந்தியாவில் இன்னும் அப்படி இல்லை. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் ஒரு திருத்தம் வந்தது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி, பஞ்சர் ஒட்டும் சாதனம் மூன்றும் இருந்தால் அந்தக் காரில் ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை என்றது அது. கருவி வைத்தால் ஸ்டெப்னியை எடுத்துவிடலாம் என்று சலுகைப் பேரமாக வந்ததே தவிர, எல்லோருக்கும் பாதுகாப்பாக வரவில்லை. மின்சாரக் கார்களிலும் கேஸ் கார்களிலும் இடநெருக்கடி காரணமாக ஸ்டெப்னி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஏற்காட்டின் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சாலையோரக் கல் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் அந்தப் பஞ்சர் பசை உதவாது. ஓடுபட்டையில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிசலுக்கு மருந்து கிடையாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர்தான் பிதுங்கிக்கொண்டு முதலில் கல்லில் போய் உரசும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவி இருக்கிறவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் கால்பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 பவுண்டு வேண்டிய டயர் ஏறத்தாழ 25-க்கு இறங்கும்வரை சும்மா இருக்க அந்த விளக்குக்குச் சட்டமே அனுமதி தந்திருக்கிறது. அதற்குள் பல நூறு கிலோமீட்டர் ஓடியிருப்போம்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை காரிலேயே ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முன்டயருக்கு ஓர் எண், பின்டயருக்கு ஓர் எண். பல கார்களில் இரண்டு மூன்று பேர் போனால் ஒன்று, ஐந்து பேரும் சுமையும் ஏறினால் இன்னொன்று என்று இரண்டு வரிசை இருக்கும். ஏற்காட்டுக்குப் போகும் கார் எந்த வரிசையில் வரும்? தாத்தா, பாட்டி, மூன்று பெட்டி, கூலர் கேன், புளிசாதத் தூக்கு. இரண்டாம் வரிசைதான். அதாவது மலைக்குப் போகும் குடும்பம் வழக்கத்தைவிடச் சில பவுண்டு கூட்டி வைக்க வேண்டிய நாளில்தான் இறக்கிவிட்டுப் போகிறது. டயரின் பக்கச்சுவரில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. இருசக்கர வாகனத்திலும் பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்டயருக்கு வேறு எண். செயின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

பெட்ரோல் பங்கில் நடப்பதை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கார் வந்து நிற்கிறது. காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வருகிற பையன், “எவ்வளவுங்க சார் வைக்கட்டும்?” என்கிறான். போனில் இருக்கிறவர் தலையைத் திருப்பாமல், “நார்மலா வையி தம்பி.” நார்மல் என்றால் அந்தப் பங்கில் 30, அடுத்த பங்கில் 35. பையன் குந்தியபடி வால்வு மூடியைத் திருகி, தொலையாமல் இருக்க வாயில் கவ்விக்கொள்கிறான். குழாய்முனையை அழுத்தியதும் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். கைப்பிடியில் இருக்கும் மானியின் முள் துள்ளி அடங்குகிறது. மானியின் கண்ணாடி மங்கி, முள் பூஜ்யத்துக்கே திரும்பாமல் மூன்றில் நின்றுகொண்டிருப்பதை அவன் மட்டும் அறிவான். நான்கு டயர், இரண்டு நிமிடம், ஐந்தோ பத்தோ ரூபாய். ஸ்டெப்னி? அது டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. யார் இறக்கி ஏற்றுவது?

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்கில் காற்று இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் விற்பனையாளர்களுக்கு வகுத்துள்ள ஒழுங்கு விதிகளிலேயே இருக்கிறது. குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி வரிசையில் அதுவும் ஒன்று. இலவசம் என்ற காரணத்தாலேயே அது கேட்பாரற்றுக் கிடக்கிறது. பெட்ரோல் ஊற்றும் குழாயின் அளவைச் சோதித்து முத்திரை வைக்க அதிகாரி வருகிறார். ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. அரை லிட்டர் குறைந்தால் சண்டைக்குப் போகிற நாம், அதே பங்கின் காற்று மானி ஐந்து பவுண்டு பொய் சொன்னால் கண்டுகொள்வதில்லை. சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பு டயர் மானிகளுக்கென்றே தனியாக ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது, 23-ம் எண். உலகம் அதை அளவுக் கருவியாகத்தான் மதிக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சொந்த மானி ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைப்பது இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் ஒரே காப்பு.

நைட்ரஜன் பற்றி ஒரு வார்த்தை. ‘நைட்ரஜன் போட்டா ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது’ என்று மலைப் பயணிகளிடம் கூடுதலாக விற்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சூடானால் அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்கு விரியும். ஈரப்பதம் இருக்காது, கசிவு சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். காசு உங்களுடையது.

மலைப் பாதைக்கே உரிய சிக்கல் இறங்கும்போது வருகிறது. சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. வளைவில் வெளிப்புற முன்டயர் மீது இன்னும் ஏறுகிறது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் அப்போது மடங்க, ஸ்டியரிங் சொன்ன இடத்துக்கு வண்டி ஒரு கணம் தாமதித்து வரும். சமவெளியில் அந்த ஒரு கணம் பொருட்டே இல்லை. இங்கே எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருக்கும். மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வழிவிட ஓரம் ஒதுங்கி நிற்கப் பிடிமானம் வேண்டும்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்களின் வண்டியில் இன்னொன்றும் நடக்கிறது. பிரேக் சூடு சக்கரத்தின் இரும்புக்கும், அங்கிருந்து டயர்க் காற்றுக்கும் ஏறுகிறது. அடிவாரம் வந்ததும் அளந்தால் நான்கைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். ‘பார்த்தீங்களா, சொன்னேன்ல, ஏறிடுச்சு’ என்று அங்கே காற்றை இறக்கிவிடுவதுதான் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. மறுநாள் காலை ஆறிய டயரில் அந்த நான்கைந்து பவுண்டு குறைவாக இருக்கும். டயரை ஆறிய நிலையில்தான் அளக்க வேண்டும். வண்டி நின்று குறைந்தது மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். கதவுத்தூண் ஸ்டிக்கரில் இருக்கும் எண் அந்த ஆறிய டயருக்கான எண்தான்.

இந்தப் பாதையின் பழைய ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்ககிரி, நாமக்கல், சேலம் வட்டாரம் லாரித் தொழிலில் ஊறியது. லிவர் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டி, ‘டங்’ என்கிறதா ‘தொப்’ என்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு ஏறுகிற கிளீனர்களை இன்றும் பார்க்கலாம். காற்றே இல்லாத டயரை அந்தக் காது நிச்சயமாகக் கண்டுபிடிக்கும். நூறு பவுண்டுக்கு எண்பது இருப்பதைக் கண்டுபிடிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பின்பக்க ஜோடிச் சக்கரத்தில் உள்டயரின் வால்வு கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அது குறைந்தால் வெளிடயர் தன் பாரத்தோடு கூட்டாளியின் பாரத்தையும் சுமந்து சூடேறும். தட்டிப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கம். மானியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து கொண்டை ஊசி வளைவுப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போயின. டயரால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு விபத்துக்குப் பிறகு நம்மூரில் என்ன எழுதப்படுகிறது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் பதிவான விபத்துகளில் பத்தில் ஏழுக்குக் காரணம் ‘அதிவேகம்’ என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதிவேகம் என்ற அந்தப் பெரிய கோணிப்பைக்குள் எத்தனை தேய்ந்த டயர்களும் காற்று குறைந்த டயர்களும் கிடக்கின்றனவோ! கவிழ்ந்து கிடக்கும் வண்டியின் உடையாத மூன்று டயர்களில் எவ்வளவு காற்று இருந்தது என்று அங்கேயே அளந்து எழுதிவைக்கிற வழக்கம் வந்தால்தான் தெரியும்.

சொந்தக் காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அவ்வளவு காலமும் எந்த அலுவலரும் அதன் டயரைக் குனிந்து பார்க்கத் தேவையில்லை. வாடகை வண்டிக்காவது எஃப்.சி. உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை வண்டி ஏறுகிறது என்பதை எண்ணத் தொடங்கிவிட்டோம். எந்த நிலையில் ஏறுகிறது என்ற கேள்வி இன்னும் பாக்கி.

இத்தனைக்கும் டயருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு சாதாரணமானதல்ல. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சின்னப் பட்டறையாகத்தான் தொடங்கியது. இன்று அரக்கோணம், பெரம்பலூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை, மதுரை என்று உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்களின் டயர் ஆலைகள் மாநிலம் நெடுகப் பரவிக் கிடக்கின்றன. டயர் இங்கே பிறக்கிறது; அதில் நிரம்ப வேண்டிய காற்றை மட்டும் பத்து ரூபாய்ப் பையனிடம் விட்டுவிட்டோம்.

அடிவாரச் சோதனைச்சாவடியிலேயே காற்று நிலையம் வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்தால் அது பாதி வேலைக்குத்தான் ஆகும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பல மணி நேரம் ஓடி வந்த டயர் அங்கே கொதித்துக்கொண்டிருக்கும். அளக்கிற ஆள் 38 என்று பார்த்துப் பதறி இறக்கிவிட்டால் உள்ளதும் கெடும். அங்கே செய்யத்தக்கவை வேறு. பட்டை தேய்ந்து வழுவழுத்த டயரையும் பக்கச்சுவரில் கட்டி புடைத்த டயரையும் கண்ணால் பார்த்து நிறுத்தலாம். சூடான நிலையிலும் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே இருக்கிற டயர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குறைவுதான். அதை மட்டும் நிரப்பி அனுப்பலாம். இறக்குவதற்கு அங்கே அனுமதியே கூடாது.

சரியான இடம் மலையுச்சி. சரியான நேரம் காலை ஆறு மணி. இரவெல்லாம் விடுதி வாசலில் பனியில் நின்ற வண்டியைவிட ஆறிய டயர் வேறெங்கே கிடைக்கும்? மேலே குளிரில் 33 வைத்துக்கொண்டு இறங்கினால் சேலம் வெயிலில் என்ன ஆகும் என்ற பயமும் வேண்டாம். வெயில் மூன்று பவுண்டு ஏற்றினால் இறங்கிய உயரம் இரண்டைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். ஏற்காட்டின் விடுதிகளிலும் அரசின் தமிழ்நாடு ஓட்டலிலும் ஒரு சின்ன கம்ப்ரசரும் முத்திரை பெற்ற மானியும் வைப்பதற்குப் பெரும் செலவில்லை. காலைக் காப்பி தருகிற இடத்தில் காற்றும் தரலாம்.

மே மாதம் இரண்டு கூட்டங்கள் மலைக்கு வருகின்றன. ஒன்று கோடை விழாவுக்கு, மலர்க் கண்காட்சி பார்க்க. இன்னொன்று சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு. சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து பிக்-அப் வண்டிகளிலும் இருசக்கர வாகனங்களிலும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குகைக்குள் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பரந்த சமவெளியில் வரிசையாக வண்டிகள் நிற்கும். நின்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன வண்டிகளின் டயர்கள் ஆறியிருக்கும். ஏரிக்கரையிலும் கோயிலடியிலும் வாகனம் நிறுத்தக் கட்டணம் வசூலிக்க யாருக்கு உரிமம் தந்தாலும், சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் ஆளுக்குப் பக்கத்தில் காற்றுக் குழாயோடு இன்னொரு ஆளும் நிற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அவருக்கு ஒரே ஒரு பயிற்சி: “எவ்வளவு வைக்கட்டும்” என்று கேட்காமல், ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொல்லி அந்த ஸ்டிக்கரைப் படிப்பது.